ஸ்டிக்கர் பொட்டும் வெறும் நெற்றியும்

நான் பொட்டு வைத்துக்கொள்வதில்லை. என் கணவர் நலமாக இருக்கிறார். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துச் சொன்னால்தான் கேட்பவரின் முகம் தெளியும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டேன். இப்போது இரண்டாவதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேட்பவரின் முகத்தைத் தெளியவைப்பது என் வேலை அன்று.

விழுப்புரம் தனி மாவட்டமான 1993-ஆம் ஆண்டில் மணமாகி அந்த ஊருக்கு வந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் மாமியாரும், அப்போது பள்ளி இறுதியில் படித்துக்கொண்டிருந்த நாத்தனாரும் இருந்தார்கள். மாமனார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குத் திண்டிவனத்தில் ஒரு நூலகத்தில் வேலை. காலையில் பேருந்தில் போய், மாலையில் பேருந்தில் திரும்புவேன். சித்திரை, வைகாசியில் அந்தப் பேருந்துப் பயணத்தை நெற்றியில் குங்குமத்தோடு முடித்து இறங்கிய பெண் எவளும் இல்லை. மூக்குவரை சிவப்பாக வழிந்திருக்கும். ஆகவே என் தலைமுறைப் பெண்கள் எல்லோரையும் போல நானும் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறியிருந்தேன். வியர்வைக்கு அஞ்சாத பொட்டு. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் வட்டமாக, ஓரம் பிசகாமல் இருக்கும். பசை வலுவிழந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான்.

அட்டையில் ஒரு நடிகையின் படம் இருக்கும். விலை இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல்லும் இருக்காது. நாள் முழுவதும் புத்தகங்களின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துப் பதிவுசெய்கிற எனக்கே அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதில்லை. திருப்பியிருந்தாலும் பின்புறம் வெற்று அட்டைதான்.

முதலில் அரிப்பு இருந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது நாத்தனார்தான் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, உங்க பொட்டுக்குக் கீழ இன்னொரு பொட்டு இருக்கு. வெள்ளையா."

கண்ணாடியில் பார்த்தேன். நான் எடுத்து வைத்த பொட்டின் அதே வட்டம், அதே அளவு, நிறம் மட்டும் இல்லை. மாமியார் அருகில் வந்து, என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னா பேஜாரு? ஒரு சைஸ் பெருசா வாங்கி ஒட்டிக்கினா தெரியவே போறதில்ல."

நாங்கள் எல்லோரும் செய்த தவறு இதுதான். இந்தத் தவறைச் செய்யப் பொட்டு வைக்கும் ஒரு நாடு தேவை. கையில் புண் வந்தால் புண் ஆக்கிய பொருளை எடுத்து மேலே பூசமாட்டோம். நெற்றியில் வந்ததை, வரவழைத்த பொருளைக் கொண்டே மறைத்தோம். வெண்மை ஓரம் தாண்டியதும் அடுத்த அளவு. அதையும் தாண்டியதும் அதற்கடுத்தது. கடுகாக இருந்த பொட்டு மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை, அளவாகி, பிறகு நாணயமானது.

பொட்டு பெரிதாகப் பெரிதாக என் மங்கலமும் பெருகியது. தெருவில் என் மதிப்பு கூடியதை நானே கவனித்தேன். "இப்பத்தான் மகாலட்சுமி மாதிரி இருக்கே, மொதல்ல வந்தப்ப மூஞ்சில ஒண்ணுமே இல்ல" என்றார் எதிர்வீட்டு அம்மாள். வளைகாப்புகளில் முதல் வளையல் போட என்னைக் கூப்பிட்டார்கள். புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச என்னை அழைத்தார்கள். அந்த வெல்வெட்டுக்கு அடியில் என் தோல் செத்துக்கொண்டிருந்தது. வெளியே அதற்கு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. நான் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பொறுமைக்கு நான் கொடுத்த இடம் கொஞ்சம் அதிகம்.

கடையில் இருந்த மிகப் பெரிய பொட்டையும் வெண்மை தாண்டிய நாளில்தான் மாமியார் பயந்தார். அவருடைய பயம் என் தோலைப் பற்றியது அன்று.

"வெண்குஷ்டம்னு பேரு வெச்சிடுவாங்கம்மா. வெச்சிட்டாங்கன்னா எம் பொண்ண எவன் கட்டுவான்? அண்ணிக்கு வந்தது நாளைக்கு இவளுக்கும் வரும்பானுங்க."

நாத்தனார் அப்போது பட்டப்படிப்பை முடித்து ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என் நெற்றி அவளுடைய திருமணத்துக்குக் குறுக்கே நின்றது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லாப் பேச்சுக்கும் பின்னால் அந்த ஒரே அச்சம்தான் இருந்தது.

புதுச்சேரி அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் ஓர் அம்மையார். என் நெற்றியை ஒருமுறைதான் பார்த்தார், பிறகு என் கைப்பையைப் பார்த்து, "பொட்டு அட்டை வெச்சிருக்கீங்களா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொட்டைப் பிரித்து, கவிழ்த்து, பசைப் பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"நீங்க இதுநாள் வரைக்கும் நெத்தியில வெச்சது இந்தப் பக்கத்தை. செருப்பு, ரப்பர் ஒட்டறாங்களே, அந்த மாதிரி பசையில சேர்க்கிற ரசாயனம் சில கம்பெனி பொட்டுலயும் இருக்கு. தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுக்கு அது விஷம். எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு."

"தொத்துமா?"

"பசை தொத்துமா? குஷ்டம் கிடையாது. யாருக்கும் பரவாது. ஒட்டறதை நிறுத்துங்க. நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆனா ஒட்டினா திரும்பவே திரும்பாது. கடைக் குங்குமமும் வேணாம், அதுல சாயம் எரிச்சல் குடுக்கும். நெத்தியை சும்மா விடுங்க."

சும்மா விடுங்கள் என்று சொல்வது அவருக்கு எளிது. பேருந்தில் கண்டமங்கலம் தாண்டும்வரை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றுவதுபோல மறைத்தபடி வந்தேன். பிறகு கை வலித்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டேன். என் தோலைக் கெடுத்தவர்கள் எவரும் முகத்தை மறைத்துக்கொண்டு திரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமியார் வாசலிலேயே பார்த்துவிட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் இறங்கியது.

"எனக்கு அழிச்சாங்க. என்னைக் கேக்காமயே அழிச்சாங்க. நீ என்னடான்னா புருஷன் இருக்கச்சொல்லவே நீயே அழிச்சிக்கினு வந்து நிக்கற."

ஒரே கூரையின் கீழ் இத்தனை ஆண்டுகள் அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்திருக்கிறேன். அது அவருக்கு வலிக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அன்றிரவு சாப்பாட்டின்போது பேச்சு மறுபடி எழுந்தது. நெற்றி வெறுமையாக இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று அவர் சொல்லிக்கொண்டே போக, என் கணவர் ரசம் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எம்மா, நான் இங்கதான் குந்திக்கினு சாப்டுக்கினு இருக்கேன். எனக்கு ஆவாதுன்னு எங்கிட்டயே சொல்றியே. அப்பளம் இருந்தா வை."

நாத்தனார் சிரித்துவிட்டாள். மாமியார் அப்பளத்தை ஓசை எழ வைத்தார். அன்றைய சண்டை அதோடு முடிந்தது, வழக்கு முடியவில்லை.

வெளியே வேறு வழக்குகள் இருந்தன. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தினமும் என்னைக் கூவி அழைத்துப் பூ கொடுக்கும் பெண் ஒரு நாள் என்னைப் பார்த்ததும் முழம் போட்ட கையை மடக்கிக்கொண்டாள். நானே போய்க் கேட்டேன்.

"ரெண்டு முழம் குடுங்க."

"யாருக்குமா?"

"என் தலைக்குத்தான்."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், மறுபடி நெற்றியைப் பார்த்தாள். "இன்னாமா இது, குழப்பிவுட்டுட்டியே" என்றாள். ஆனால் பூவைக் கொடுத்தாள். மறுநாளும் கேட்டேன். நான்கைந்து நாளில் குழப்பம் தீர்ந்து கூவ ஆரம்பித்தாள். என் போராட்டங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம்: மறுநாளும் போய் நிற்பது.

ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் போய், பொட்டு அட்டையைக் காட்டி, இதில் என்ன பசை சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு கணம் ஆராய்ந்தார்.

"பொட்டுக்கு இன்னாம்மா இன்கிரீடியன்ட்ஸு? ஒட்டுதா இல்லியா, அதான் கணக்கு. ஒட்டலன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

"நல்லா ஒட்டுச்சி. அதான் புகார்" என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த நாட்களில்தான் நாத்தனாரின் விரல் அடிக்கடி நெற்றிக்குப் போவதைக் கவனித்தேன். பேசிக்கொண்டே சொறிவாள். பொட்டைச் சிறிது மேலே நகர்த்தி வைப்பாள். மறுநாள் இன்னும் சிறிது மேலே. கேட்டால், "சும்மா, ஃபேஷன் அண்ணி" என்பாள். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடிதான் அப்படிச் சொல்வாள். எனக்குப் புரிந்தது. என் நெற்றியில் நின்றிருக்க வேண்டியது அவள் நெற்றியிலும் தொடங்கியிருந்தது. வரன் பார்க்கும் வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. நான் தனியே அவளிடம், "எடுத்துடு" என்றேன். "கல்யாணம் ஆவட்டும் அண்ணி, அப்பறம் எடுத்துடறேன்" என்றாள். கல்யாணம் ஆகும்வரை தோல் காத்திருக்காது.

கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. பையன் புதுச்சேரியில் வேலைக்குப் போய்வருகிறவன். முதல் நாள் மாமியார் என்னிடம் வந்தார். கட்டளை இல்லை, கெஞ்சலும் இல்லை; இரண்டுக்கும் நடுவே ஒரு குரல்.

"ஒரே ஒரு நாளு ஒட்டிக்கோ. அவங்க போனதும் பிச்சி எறிஞ்சிடு. இல்லன்னா பின்னால ரூம்லயே இரு, தலைவலின்னு சொல்லிக்கறேன்."

"ரெண்டும் வேணாம் அத்தே. நான் ஒளிஞ்சா, நம்ம வீட்டுல நோவு இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

"பொண்ணு வாழ்க்கைம்மா!"

"அவ வாழ்க்கைக்காகத்தான் சொல்றேன்."

அவருக்கு அது திமிராகத்தான் பட்டிருக்கும். எனக்கோ வேறு கணக்கு இருந்தது. நான் ஒட்டிக்கொண்டால் நாத்தனாரும் ஒட்டிக்கொண்டே இருப்பாள். புகுந்த வீட்டிலும் ஒட்டிக்கொள்வாள். அளவு மாற்றி அளவு மாற்றி ஒரு நாள் என்னைப்போல வந்து நிற்பாள், கூடவே ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தார்கள் என்ற பழியோடு.

அவர்கள் வந்தார்கள். காபித் தட்டை நானே எடுத்துப் போனேன். பையனின் அம்மா என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இவங்க…?" என்றார்.

"எம் மருமவ" என்றார் மாமியார், தரையைப் பார்த்து.

"அடடா, சின்ன வயசு. எப்ப ஆச்சு?"

"எது?" என்றார் அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர்.

பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஏமாற்றப்பட்டவரின் கோபம். "அப்பறம் ஏம்மா நெத்தி வெறிச்சோடிக்கினு கெடக்கு? அது இன்னா வெள்ளை?"

சொன்னேன். நூலகத்தில் வாசகருக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். பொட்டு, பசை, பசையில் உள்ள ரசாயனம், மருத்துவர் சொன்னது. பரம்பரை இல்லை, தொற்றாது என்பதையும் சொன்னேன்.

உடன் வந்திருந்த அத்தை ஒருவர், "நாங்க அல்லாரும் இதையேதான் ஒட்டிக்கினு கீறோம். எங்களுக்கு ஒரு மண்ணும் ஆவலையே" என்றார்.

"ஆகாதவரைக்கும் நல்லதுங்க. அரிச்சா அன்னிக்கே எடுத்துடுங்க."

அப்போதுதான், பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நாத்தனார் கையை உயர்த்தித் தன் பொட்டைப் பிரித்தெடுத்தாள். அடியில் சிவந்த வளையம். அதன் நடுவே, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு வெளிறல்.

"எனக்கும் அரிக்குது. ரொம்ப நாளாவே" என்றாள். "இனிமே ஒட்டமாட்டேன். ஒட்டினாத்தான் கட்டிக்குவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பையனின் அம்மாவின் விரல் அவரை அறியாமல் தம் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தட்டில் சோறு போடுவார், பேசமாட்டார். ஆனால் அந்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினார். என்னைக் கூப்பிடவில்லை, எந்த அறையில் அந்த மருத்துவர் இருப்பார் என்பதை மட்டும் மகள் வழியாகக் கேட்டனுப்பினார். சீக்கிரம் நிறுத்திவிட்டதால் திரும்பிவிடும் என்று மருத்துவர் சொன்னாராம். அதன் பிறகு காலையில் மகளை வெயிலுக்கு இழுத்து நெற்றியைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. மாதங்கள் போயின. சிவப்பு வடிந்தது. வெளிறல் ஓரத்திலிருந்து மெல்ல நிறம் பிடித்தது. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், "வந்திடுச்சி" என்றார். நாங்கள் மறுபடி பேசத் தொடங்கியது அந்த ஒரு சொல்லில்.

என் நெற்றிக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை.

இதை எழுதும்போது 2010-களின் நடுவில் இருக்கிறோம். கைபேசியைத் தட்டினால் எந்தப் பொருளில் எது கலந்திருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்ள முடிகிற காலம். ஏழு நாளில் வெளுப்பாக்கும் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும் என்கிறார்கள். தலைச்சாயம் பட்டு முகம் வீங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். நூலகத்துக்கு வரும் கல்லூரிப் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முன்பக்கத்தை அவர்கள் உங்களுக்காக எழுதுகிறார்கள், பின்பக்கத்தைச் சட்டத்துக்காக எழுதுகிறார்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். பின்பக்கமே இல்லாத பொருளைத் தொடாதீர்கள். எது புதிதானாலும் முழங்கையின் உள்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். மூலிகை என்று அச்சிட்டிருந்தால் சந்தேகத்தைக் குறைக்காதீர்கள்; எட்டியும் மூலிகைதான்.

பொட்டு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்க ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைக்கிறோம். குழந்தையின் தோல் மெல்லிசு என்று அவ்வளவு கவனம். அதே குழந்தை வளர்ந்து பெண்ணானதும் அவள் நெற்றிக்குச் செருப்புக்கடைப் பசையைக் கொடுக்கிறோம். எந்த வயதில் அவள் தோல் தோலாக இல்லாமல் போனது என்று எவரிடமாவது கேட்க வேண்டும்போல இருக்கும். நாத்தனார் இன்றும் அந்தச் சாந்தைத்தான் வைத்துக்கொள்கிறாள், தோன்றும் நாட்களில். எனக்கு அதுவும் தோன்றுவதில்லை. எனக்கு விருப்பமில்லை என்பது ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளப்பட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் திருமணம் கிளியனூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவரோடு முடிந்தது. பெண் பார்க்க வந்த அன்றே நாத்தனார் தன் நெற்றிக் கதையை அவரிடம் தானே சொல்லிவிட்டாள். "எங்க அம்மாவுக்கு இதை நீங்கதான் வந்து சொல்லணும். ரொம்ப நாளா நெத்தியைச் சொறிஞ்சிக்கினே இருக்காங்க" என்றாராம் அவர்.

திண்டிவனத்தில் மண்டபம். அலங்காரம் செய்ய வந்த பெண், கல் வைத்த ஸ்டிக்கர்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்தாள். புருவத்தின் மேல் வரிசையாக ஒட்ட வேண்டுமாம். நாத்தனார் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"அது மேல ஒண்ணையும் ஒட்டாத. சந்தனத்துல வரைய வருமா? வரலன்னா சும்மா வுடு."

நலங்கு வைக்கச் சுமங்கலிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது கணவரின் பெரியம்மா என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை மெதுவாக வாங்கப் பார்த்தார். "நீ அப்பறமா வைம்மா. நெத்தி வெறுமையா, நல்ல காரியத்துல…"

மாமியார் அப்போது கூடத்தின் ஓரத்தில், தூணுக்கு அப்பால் நின்றிருந்தார். கணவனை இழந்தவர் என்பதால் மகளுக்கு நலங்கு வைக்க அவருக்கு இடமில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. அங்கிருந்தே குரல் வந்தது.

"அக்கா, கிண்ணத்த வுடு. எம் பொண்ணு மூஞ்சி இன்னிக்கு நல்லா இருக்குதுன்னா அவளாலதான். அவ வெக்கலன்னா நலங்கே வேணாம்."

பெரியம்மாவின் கை விலகியது. நான் நாத்தனாரின் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசினேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தூணருகே போய் மாமியாரிடம் நீட்டினேன். "சும்மா இரும்மா" என்றார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் ஒரு விரலைத் தோய்த்து, கூட்டத்தைக் கடந்து போய், மகளின் நெற்றியில் நிறம் திரும்பிய இடத்தில் வைத்தார். பெரியம்மா வாய்க்குள் ஏதோ சொன்னார். நாதஸ்வரத்தில் அது கேட்கவில்லை.

புகைப்படக்காரர் எங்கள் மூவரையும் சேர்த்து நிறுத்தினார். கேமராவுக்குள் பார்த்தவர் தலையைத் தூக்கி, "மேடம், ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கினா நல்லா இருக்கும். லைட்டு அடிச்சா அந்த இடம் பளிச்சினு விழும்" என்றார்.

"விழட்டும். இப்படியே எடுங்க" என்றேன்.

அவர் சலிப்போடு குனிந்தார். நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, தலையக் குனியாதீங்க. என் மேல நிழல் விழுது."